பள்ளிக்கூடத்தில் சோறு போட்டால் படிப்பு வருமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் சொல்லிப் பார்க்கிறேன். மூதூர்ப் பக்கத்தில் நீங்கள் படித்த ஆரம்பப் பாடசாலைக்கு, கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து காசு அனுப்பப் போகிறீர்கள். ஒரு பகுதியினர் "பிள்ளையளுக்குக் காலைச் சாப்பாடு குடுப்பம்" என்கிறார்கள். மற்றவர்கள் "அதைத்தான் அரசாங்கம் குடுக்குதே, நாங்கள் ரியூசனுக்குக் குடுப்பம்" என்கிறார்கள். சோறு போடுவதால் படிப்பு கூடுகிறதா, வீட்டுப் பசி குறைகிறதா, அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஏற்கெனவே நடக்கிற திட்டமொன்றில் வெளியிலிருந்து வருகிற காசுக்கு என்ன வேலை? இந்த இரண்டாவதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். முதலாவதைச் சொன்னால்தான் அது விளங்கும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் 31 வருடம் படிப்பித்தேன். தம்பலகாமத்தில் தொடங்கி, மூதூரில் நெடுங்காலம் இருந்து, வெருகல் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றில் அதிபராக ஓய்வு பெற்றேன். அதில் பெரும்பகுதி தரம் 1, தரம் 2 பிள்ளைகளோடு போனது. சாப்பாட்டுப் பொறுப்பு ஆரம்பப் பிரிவு ஆசிரியரிடம்தான் வரும். அதனால் பானையையும் வரவு இடாப்பையும் சேர்த்தே பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது. நான் போசாக்கு நிபுணர் இல்லை. உடம்பு பற்றிச் சொல்வதெல்லாம் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பயிற்சி வகுப்புகளிலும் கற்றதும், பிறகு நானாகத் தேடி வாசித்ததும்தான். என் அனுபவம் கரையோரக் கிராமங்களிலும் வயல் கிராமங்களிலும் கிடைத்தது. பட்டணத்துப் பெரிய பாடசாலைகளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கும். எங்கள் பிள்ளைகளில் பலர் ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நடந்து வருவார்கள். சீனி போட்ட தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் தாங்கும். எட்டரை மணியளவில் வகுப்பின் முகம் மாறும். முன்வரிசைப் பிள்ளை மேசையில் தலையை வைக்கும். இன்னொன்று "ரீச்சர், வயித்துக்குள்ள நோகுது" என்று வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதுகிற பிள்ளை நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டுப் போகும். இதைச் சோம்பல் என்று நினைத்து முதல் இரண்டு வருடம் நான் அதட்டியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் மனம் நோகிறது. பிறகுதான் "காலையில் என்ன சாப்பிட்டனி?" என்று கேட்கத் தொடங்கினேன். அதையும் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் வீட்டு மானம் தெரியும். "புட்டும் முட்டையும்" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்க்கும். தேத்தண்ணியில் இன்னொரு கெடுதியும் உண்டு. அதன் சாயத்தில் இருக்கிற துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் மறிக்கும். இரத்தம் குறைந்த பிள்ளை சீக்கிரம் களைக்கும். களைத்த பிள்ளைக்குக் கணக்கு ஓடாது.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று பார்ப்போம். சாப்பாடு போட்டால் பிள்ளை வரும். இது ஆசிரியர்களின் வாய்ப்பேச்சு மட்டும் இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாக எடுத்து எடை போட்ட ஒரு தொகுப்பாய்வு 2007இல் வெளிவந்தது. வறிய நாடுகளில் பாடசாலையில் சாப்பிட்ட பிள்ளைகள், சாப்பிடாதவர்களைவிட வருடத்துக்கு 4 முதல் 6 நாள் கூடுதலாக வந்தார்கள் என்றும், சராசரியாக 19 மாதங்களில் 0.39 கிலோ கூடுதலாக எடை வைத்தார்கள் என்றும் அது சொன்னது. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அது சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஒழுங்காக வருகிற பிள்ளை எப்படியும் வரும். கிழமைக்கு இரண்டு நாள் வராத பிள்ளைதான் சாப்பாட்டால் அசைகிறது, அந்தப் பிள்ளைக்கு நாலு நாள் என்பது இருபது நாளாக இருக்கலாம்.

இலங்கையில் இதை இன்னொரு விதமாகவும் பார்க்க வேண்டும். இந்தியாவின் சில மாநிலங்களிலோ ஆபிரிக்க நாடுகளிலோ சாப்பாட்டின் முதல் வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் செய்வது. நம்மிடம் இலவசக் கல்வி 1945இல் இருந்து இருக்கிறது; ஏறக்குறைய எல்லாப் பிள்ளையின் பெயரும் தரம் 1 இடாப்பில் ஏறிவிடும். பெயர் இருக்கும், பிள்ளை இராது. அதுதான் நம்முடைய நோய். நீங்கள் அந்த ஊர்ப் பிள்ளை என்பதால் வாடைக் காலம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கார்த்திகையில் கடல் பெருத்து, தோணி கரையில் ஏறிவிடும். வயலில் விதைப்பு முடிந்து, வெட்டு மாசி பங்குனியில்தான் வரும். கூலிக்குப் போகிறவருக்கும் வேலை இல்லை, கடலுக்குப் போகிறவருக்கும் வேலை இல்லை. வெள்ளம் வேறு. நான் பொறுப்பாக இருந்த பாடசாலைகளில் இடாப்பு மெலிகிற மாதங்கள் அவைதான். அதே மாதங்களில் பானை ஒழுங்காக வந்தால் மெலிவு குறையும். பானை நின்றால் இரண்டு மடங்காகும். வேறு எந்தக் காரணத்தையும் இவ்வளவு தெளிவாக நான் இடாப்பில் கண்டதில்லை.

சந்தேகம் உள்ள இடம் அடுத்தது. பிள்ளை வந்துவிட்டது, வயிறும் நிறைந்துவிட்டது, படிப்பு கூடுகிறதா? ஆய்வுகள் இங்கே ஒரே குரலில் பேசவில்லை. ஜமைக்காவின் கிராமப் பாடசாலைகளில் ஒரு வருடம் காலைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தபோது வரவு கொஞ்சம் கூடியது, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு கொஞ்சம் திருந்தியது. அதே நாட்டில் நடந்த வேறொரு ஆய்வு இன்னும் கவனிக்க வேண்டியது. ஒழுங்கான, தனித்தனி வகுப்பறைகள் உள்ள பாடசாலையில் சாப்பிட்ட பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாகக் கவனம் வைத்தார்கள். நெருக்கடியும் இரைச்சலும் உள்ள பாடசாலைகளில் சாப்பிட்ட பிள்ளைகள் கூடுதலாகக் கதைத்தார்கள், கூடுதலாக எழும்பித் திரிந்தார்கள். சாப்பாடு உடம்புக்குத் தெம்பைக் கொடுத்தது. தெம்பு எங்கே போனது என்பதை வகுப்பறை தீர்மானித்தது. கென்யாவில் முன்பள்ளிகளில் சாப்பாடு கொடுத்தபோது வரவு 27 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக ஏறியது. ஆனால் சோதனைப் புள்ளி உயர்ந்தது, அனுபவமுள்ள ஆசிரியர் இருந்த இடங்களில் மட்டும். சமைப்பதும் பரிமாறுவதும் படிப்பிக்கும் நேரத்தைத் தின்றுவிட்டன என்பதும் அங்கே தெரிந்தது.

இந்தக் கடைசி விஷயம் எங்கள் பாடசாலையிலும் நடந்தது. ஒரு காலத்தில் சாப்பாட்டுக்காக நாங்கள் 45 நிமிடம் இழந்தோம். கை கழுவ ஒரே ஒரு குழாய், 70 பிள்ளை. கை கழுவிய பிள்ளை வரிசையில் நின்று, தட்டை வாங்கி, மரத்தடிக்குப் போய், திரும்ப வந்து கழுவி முடிக்க ஒரு பாடமே போய்விடும். பெற்றோர் சேர்ந்து நீட்டாக ஒரு குழாய் இழுத்து ஆறு பைப் பூட்டித் தந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு அம்மாமார் முறை வைத்து வந்து பரிமாறினார்கள். 20 நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் 25 நிமிடத்தில் தரம் 2க்கு நான் தினமும் கதை வாசித்தேன். அந்த வகுப்பின் வாசிப்பு திருந்தியதற்குச் சோறு காரணமா, குழாய் காரணமா, கதை காரணமா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன என்றுதான் சொல்வேன்.

உடம்பு வளர்ச்சி பற்றியும் ஆசையைக் கூட்டிச் சொல்லக் கூடாது. பிள்ளை குள்ளமாகப் போவது பெரும்பாலும் கருவில் இருந்து இரண்டு வயது வரையுள்ள முதல் ஆயிரம் நாளில் தீர்மானமாகிவிடும். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைக்கு நாங்கள் போடும் சோறு, அந்த இழப்பைத் திருப்பித் தராது. அதற்குத்தான் கர்ப்பிணித் தாய்மாருக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷா என்ற சத்துமா 1973இல் இருந்து இருக்கிறது. 2022இல் அதற்கு வேண்டிய சோளம் தட்டுப்பாடாகி அது பல மாதம் சரியாக வராமல் போனது. அந்தக் காலத்தில் பிறந்து தவழ்ந்த பிள்ளைகள்தான் அடுத்து ஆரம்பப் பாடசாலைக்கு வரப்போகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் பாடசாலைச் சாப்பாடு ஒரு தலைமுறை கழித்து வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. இந்தியாவில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய பிள்ளைகளில் வளர்ச்சி குன்றுவது குறைவாக இருந்ததாக 2021இல் வந்த ஆய்வொன்று காட்டியது. அந்தப் பெண்கள் கூடக் காலம் படித்தார்கள், பிந்திப் பிள்ளை பெற்றார்கள், ஆஸ்பத்திரியை நன்றாகப் பயன்படுத்தினார்கள். தரம் 3இல் ஒரு சிறுமிக்குப் போட்ட சோறு எங்கே போய்ச் சேர்கிறது பாருங்கள்.

வீட்டின் உணவுப் பாதுகாப்பு என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வருடத்தில் 365 நாள். பாடசாலை நடப்பது ஏறக்குறைய 200 நாள். நாளைக்கு ஒரு வேளை. மூன்று வேளைக் கணக்கில் பார்த்தால் பிள்ளையின் வருடச் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சனி, ஞாயிறு, தவணை விடுமுறை எல்லாம் வெறுமை. ஆகவே இது வீட்டைக் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று பிள்ளைகள் ஆரம்பப் பிரிவில் இருக்கிற வீட்டில் காலை அடுப்பின் பாரம் இறங்கும். அது கையில் காசாகத் தெரியாவிட்டாலும் கடைக் கடன் கொப்பியில் தெரியும்.

இதைக் கணக்குப் போட்டு மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது. தரம் 3இல் ஒரு பெண்பிள்ளை முட்டை கொடுக்கிற நாளில் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு முட்டையைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிக்குள் வைத்து மூடுவாள். பிள்ளைக்கென்று வந்ததைப் பிள்ளைதான் சாப்பிட வேண்டும் என்பது விதி. நான் கண்டும் காணாமல் இருந்தேன். பிறகு வீட்டுக்குப் போனபோது தெரிந்தது, பள்ளிக்கூடம் போகாத தம்பி ஒருவன் தினமும் படலையில் நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதன் பிறகு முட்டை நாளில் அவளுக்குக் கூடுதலாக ஒரு பாதி முட்டை வைக்கும்படி சமைக்கிற அம்மாவிடம் சொல்லிவைத்தேன். பாடசாலைச் சாப்பாட்டை அளக்கிறவர்கள் ஒரு தட்டு, ஒரு பிள்ளை என்று அளக்கிறார்கள். தட்டு வீட்டுக்குப் போகிறது. அதனால்தான் எடையில் தெரிகிற பலன் சின்னதாகத் தெரிகிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். இது என் எண்ணம் மட்டுமே.

2022இல் இந்தப் பானை என்ன பெறுமதி என்று நாடே பார்த்தது. முந்திய வருடம் இரசாயனப் பசளையைத் தடை செய்ததில் பெரும்போக விளைச்சல் விழுந்தது. டொலர் இல்லை. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 சதவீதம். நம் கரையில் அதைவிடப் பெரிய அடி மண்ணெண்ணெய். தோணியின் இயந்திரம் ஓடுவது அதில்தான். பல நாள் எண்ணெயே இல்லை. இருந்தபோது, அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏற்றினார்கள். கடல் அமைதியாக இருந்த நல்ல பருவத்திலும் தோணி மணலில் கிடந்தது. வாடை மாதங்களின் பசி வருடம் முழுவதும் பரவியது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அந்த வருடம்தான் சமைக்கிறவர்கள் விலகத் தொடங்கினார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. நம் நாட்டில் பெரும்பாலான பாடசாலைகளில் அரசாங்கம் நேரே சமைப்பதில்லை. ஊருக்குள் இருக்கிற ஒரு பெண், அநேகமாக அங்கே படிக்கிற பிள்ளையின் தாய், ஒப்பந்தத்தில் சமைத்துக் கொண்டுவந்து தருகிறாள். சுகாதாரப் பரிசோதகர் அவளுடைய சமையலறையைப் பார்த்து அனுமதிப்பார். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கு. எத்தனை பிள்ளை சாப்பிட்டது என்று எழுதி, அதிபர் கையொப்பம் வைத்து வவுச்சர் மேலே போகும். காசு பிறகு வரும். அந்தப் "பிறகு" என்பது ஒரு மாதமாகவும் இருந்திருக்கிறது, நாலு மாதமாகவும் இருந்திருக்கிறது.

அதுவரை அரிசியும் பருப்பும் முட்டையும் யார் காசு? அவளுடைய காசு, அல்லது கடைக்காரரின் கடன். கணக்கைப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் அரசாங்கம் விதித்த உச்ச விலையில் வெள்ளை முட்டை ஒன்று 44 ரூபாய். 60 பிள்ளைக்கு முட்டை நாளில் முட்டைக்கு மட்டும் 2,640 ரூபாய். அரிசி, பருப்பு, தேங்காய், விறகு, அவளுடைய உழைப்பு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 100 ரூபாய் என்று இலகு கணக்காக வைத்தால் நாளைக்கு 6,000, மாதம் 20 நாளுக்கு 1,20,000. மூன்று மாதம் பிந்தினால் 3,60,000 ரூபாயை ஒரு ஏழைப் பெண் அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் பாடசாலைக்குச் சமைத்த அம்மா காதுத் தோட்டை அடகு வைத்தார், பிறகு தாலிக்கொடியை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் முகம் பாக்கேலாமக் கிடக்கு, திங்கட்கிழமையில இருந்து என்னால ஏலாது" என்று சொல்லி அழுதார். அவர் மன்னிப்புக் கேட்க எந்த நியாயமும் இல்லை. நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஆளைத் தேடிப் பிடிக்க ஏழு கிழமை எடுத்தது. அந்த ஏழு கிழமையில் இடாப்பில் என்ன நடந்தது என்பதைத்தான் மேலே சொன்னேன். முதல் கிழமை பெரிய மாற்றம் இல்லை. பிள்ளைகள் பானை வரும் வரும் என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கிழமையில்தான் வராமல் விடத் தொடங்கினார்கள். பானை திரும்பி வந்த பிறகும் எல்லாரும் உடனே திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளை நான் வீடு வீடாகப் போய்த்தான் கூட்டிவந்தேன். நம்பிக்கை போனால் திரும்ப நாள் எடுக்கும். ஒரு நாள் கோழி போட்டு நாலு நாள் ஒன்றும் இல்லாமல் விடுவதைவிட, ஐந்து நாளும் பயறும் சோறும் போடுவது மேல் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

2024 மார்ச்சில் இருந்து அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 தொடக்கம் 5 வரை எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு என்று விரிவாக்கினார்கள். ஏறக்குறைய 16 இலட்சம் பிள்ளைகள். அது பெரிய விஷயம், மனதார வரவேற்கிறேன். முன்பு, தெரிந்தெடுத்த சில பாடசாலைகளுக்கு மட்டும் கொடுத்தபோது பக்கத்துப் பாடசாலைப் பிள்ளை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. இப்படி விரிப்பதும் சுருக்குவதும் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1953இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதோடு பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. அந்த ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். தமிழ்நாட்டில் 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராஜர் காலத்தில் மாநிலத்துக்கு விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. மதியச் சோறு இருந்தும் பிள்ளை வெறும் வயிற்றோடு முதல் பாடத்துக்கு வருகிறது என்று அங்கேயும் கண்டுகொண்டார்கள். நம்மிடம் சாப்பாடு காலையிலேயே கொடுக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. அதைப் பத்தரை மணிக்குத் தள்ளிவிடுகிற பாடசாலைகள் பாதிப் பலனை இழக்கின்றன.

ஊருக்குள்ளேயே வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலில் 2009இல் சட்டமே போட்டார்கள்: பாடசாலை உணவுக்கு மத்திய அரசு கொடுக்கிற பணத்தில் குறைந்தது 30 சதவீதம் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்கச் செலவாக வேண்டும் என்று அன்று விதித்தார்கள். பானை அப்போது பிள்ளைக்குச் சோறாகவும் தாய்க்குச் சந்தையாகவும் ஆகிறது. நம் பக்கத்தில் இதற்கு எல்லாம் இருக்கிறது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் நெல். கிண்ணியா, மூதூரில் எருமைத் தயிர். கரை முழுக்க நெத்தலி. முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியத்துக்கு அதைவிட மலிவான வழி இல்லை. வேலியில் முருங்கை. முருங்கையிலையில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர, இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் போதும். இருபது கோழி வளர்க்கிற நாலு வீடு இருந்தால் சின்னப் பாடசாலைக்குக் கிழமைக்கு ஒரு முட்டை நாள் ஓடும். ஆனால் கையில் காசு இல்லாத சமையல்காரி இவர்களிடம் வாங்க முடியாது. முட்டைக்காரிக்கும் அன்றன்றைக்குக் காசு வேண்டும். கடன் தருகிறவர் பட்டணத்துக் கடைக்காரர் மட்டும்தான், அதனால் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. காசு பிந்துவது ஊர் உற்பத்தியையும் இப்படித்தான் வெட்டுகிறது.

பட்டியலை ஊர் தெரிந்து போட வேண்டும். சைவப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வெள்ளிக்கிழமை முட்டை போட்டால் பாதி திரும்பி வரும்; அன்றைக்குப் பயறு, கடலை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறை வேறு கணக்கு. சமையலறையில் பூச்சிமருந்துப் போத்தலும் எண்ணெய்ப் போத்தலும் பக்கம் பக்கமாக நிற்கவே கூடாது. 2013 ஜூலையில் பீகாரில் 23 பிள்ளைகள் இறந்தது, பூச்சிகொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டுத்தான். வயல் கிராமங்களில் மருந்துப் போத்தலைக் கழுவி எண்ணெய் வார்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இதைச் சமைக்கிறவரோடு நேரே கதைக்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி உங்கள் காசு. இன்னொரு சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்காதீர்கள். ஒரு வருடம் நடத்திவிட்டு நிறுத்துகிற பானை, நான் மேலே சொன்ன ஏழு கிழமையைத் திரும்பக் கொண்டுவரும். ரியூசனும் வேண்டாம் என்பேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுகிற பிள்ளைக்கு அது போகும், கிழமைக்கு இரண்டு நாள் வராத பிள்ளைக்குப் போகாது. பாடசாலை அபிவிருத்திக் குழுவின் பேரில் ஒரு சுழல் நிதி வையுங்கள். சமைக்கிற பெண்ணுக்கு மாதக் கடைசியில் வவுச்சர் காசை முழுவதுமாக, வட்டி இல்லாமல் முற்பணமாகக் கொடுப்பது. அரசாங்கக் காசு வந்ததும் அவர் நிதிக்குத் திருப்பிக் கட்டுவது. 60 பிள்ளைப் பாடசாலைக்கு நாலு மாதக் காசு, அதாவது ஏறக்குறைய 5 இலட்சம் ரூபாய் ஒருமுறை போட்டால் அது கரையாமல் சுற்றிவரும். கணக்குக் கொப்பியை அதிபர் ஒருவர் கையில் மட்டும் விட வேண்டாம். ஒரு பெற்றோர், ஒரு ஆசிரியர், அதிபர் என்று மூன்று கையொப்பம் இருக்கட்டும். அதிபர் மாறினால் திட்டமும் சாகிற கதை நமக்குத் தெரியும்.

மிச்சம் காசு இருந்தால் குழாய், வடிகட்டிய குடிதண்ணீர், சில்வர் தட்டு. லஞ்ச் சீற் என்கிற பொலித்தீன் தாளில் சாப்பாடு போட்டு மைதானம் முழுக்கக் குப்பை பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு தரம் 6க்கு மேலே பாருங்கள். பல பாடசாலைகளில் தரம் 5ஓடு சாப்பாடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வளர்த்தி ஓடுகிற பெண்பிள்ளை, தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வெறும் வயிற்றோடு வகுப்பில் இருக்கும். வாடை மாதங்களில் மட்டும், கார்த்திகை தொடக்கம் தை வரை, அவர்களுக்குப் பயறோ கடலையோ அவித்துக் கொடுக்க முடிந்தால் நல்லது. இதற்கு ஒவ்வொரு வருடமும் காசு வேண்டும் என்பதைச் சங்கத்தில் முதலே கதைத்து முடிவெடுங்கள். என்ன செய்தாலும் பிள்ளைகளைப் பனருக்கு முன்னால் தட்டோடு நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்கிறேன். அந்தப் படம் முகநூலில் இருபது வருடம் கிடக்கும், அந்தப் பிள்ளை வளர்ந்து அதே ஊரில்தான் கலியாணம் கட்டும்.

ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அதிபரைப் பார்த்த பிறகு, பின்பக்கத்தால் போய்ச் சமைக்கிற அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாதம் வரை காசு கைக்கு வந்திருக்கிறது, கடையில் எவ்வளவு கொப்பியில் நிற்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். அவர் சொல்கிற தொகையைக் கொண்டுவந்து இங்கே எழுதுங்கள், நிதிக்கு எவ்வளவு வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.